பாலூட்டிப் புதைபடிவங்களும் அவற்றைத் தேடுகிறவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதைபடிவங்களைச் சுத்தம் செய்யும் மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள், புதிதாகச் சேரும் மாணவர்கள், "ஒரு சின்னச் சந்தேகம்" என்று தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் என எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாக வாசித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

பானை ஓடு, பழைய காசு எல்லாம் தோண்டி எடுப்பார்களே, அதுதானே இது?

அது தொல்லியல். மனிதர்கள் செய்துவிட்டுப் போன பொருட்களைத் தேடுவது. இங்கே பேசப்போவது தொல்லுயிரியல். உயிர்களின் எச்சங்களைத் தேடுவது. காலக் கணக்கும் வேறு: தொல்லியலில் 5,000 ஆண்டு என்றாலே பழையது, இங்கே 5 கோடி ஆண்டு என்பது அன்றாடம் புழங்கும் எண்.

குகைகளில் மட்டும் இரண்டும் கலந்துவிடும். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான், 1880-களில் கர்னூல் குகைகளில் விலங்கு எலும்புகளையும் தோண்டி எடுத்தார். அவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர்.

டைனோசர் தேடுகிறவர்களைத் தெரியும். பாலூட்டிக்கென்றே தனியாக ஆட்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், நிறையவே. டைனோசர்கள் ஒழிந்த பிறகுதான் பாலூட்டிகள் வந்தன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாலூட்டி வம்சத்தின் வாசலில் நிற்கும் மோர்கனுகோடான் என்கிற மூஞ்சூறு அளவுப் பிராணி சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோது, பாலூட்டிகள் ஏற்கெனவே பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுகள் வாழ்ந்து முடித்திருந்தன.

அதனால் ஒருவர் தேடுவது யானையைவிடப் பெரியதாகவும் இருக்கலாம், கண்ணுக்கே தெரியாததாகவும் இருக்கலாம். பாராசெராதீரியம் என்ற கொம்பில்லாத காண்டாமிருக உறவு 15 முதல் 20 டன் வரை இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதன் எலும்புகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலூசிஸ்தானின் டேரா புக்டி பகுதியில் கிடைத்தன. இந்தப் பக்கம் தெலங்கானாவின் நஸ்கல் கிராமத்தருகே கிடைத்த டெக்கனோலெஸ்டிஸ் இருக்கிறது. டைனோசர் காலத்து இந்தியப் பாலூட்டி. ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988-இல் அதை அறிவித்தார்கள். அவர்கள் கையில் இருந்தது மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய பற்கள்.

எதைக் கேட்டாலும் பல், பல் என்றே சொல்கிறீர்களே, ஏன்?

எனாமல்தான் உடம்பிலேயே கடினமான பொருள். விலா எலும்பு நொறுங்கிப் போகும், மண்டையோடு நசுங்கிப் போகும், பல் தாக்குப்பிடிக்கும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பாலூட்டியின் பல்லில்தான் எழுத்து அதிகம். முதலைக்கு வாய் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிப் பல். பாலூட்டிக்கு வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய், கடைவாய் என்று ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. மேல் கடைவாயின் மேடு கீழ் கடைவாயின் பள்ளத்தில் போய்ப் பொருந்த வேண்டும். அந்த மேடு பள்ளத்தின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறுகிறது.

ஒரு பழங்கால எலியின் கடைவாய்ப்பல்லை ஊசிமுனையில் மெழுகு வைத்து ஒட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். குட்டி மலைத்தொடர் மாதிரி இருக்கும். ஒரு சிகரம் மட்டும் தேய்ந்து தட்டையாகி, உள்ளே பழுப்பு நிறப் பல்திசு தெரியும். அந்த எலி என்ன மாதிரி உணவை மென்றது, கிழமா குட்டியா என்பதெல்லாம் அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. குதிரையின் கதையும் இதே வழியில் தெரிந்ததுதான். பழைய குதிரைகளுக்கு இலை மெல்லும் குட்டையான பற்கள், பிந்தியவற்றுக்குப் புல் அரைக்கும் உயரமான பற்கள். ஓத்னியல் மார்ஷ் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்த்து வைத்திருந்த குதிரை வரிசையை 1876-இல் தாமஸ் ஹக்ஸ்லி நேரில் பார்த்து, தன் பழைய கருத்தையே மாற்றிக்கொண்டார்.

எங்கே தோண்ட வேண்டும் என்று எப்படித் தெரியும்? குத்துமதிப்பா?

தோண்டுவது கடைசியில்தான். அதற்கு முன்னால் நடை, மேலும் நடை. முதலில் நிலவியல் வரைபடத்தைப் பார்த்துச் சரியான வயதுள்ள படிவுப்பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஆறோ ஏரியோ கொண்டுவந்து சேர்த்த வண்டல் நல்லது. எரிமலைக் குழம்புப் பாறையில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. மரம் செடி அதிகமில்லாமல், ஒவ்வொரு மழைக்கும் கரைந்து புது முகம் காட்டும் மண்மேடுகள் இன்னும் நல்லது. அங்கே தலையைக் குனிந்தபடி நாள் முழுக்க நடப்பார்கள். சரிவின் அடியில் எலும்புச் சில்லு கிடந்தால், அதேபோல் அடுத்த சில்லு எங்கே என்று மேலே பார்த்து ஏற வேண்டும். சில்லுகள் எந்த இடத்தில் நின்றுபோகின்றனவோ அதுதான் அடுக்கு. கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. எலும்பில் நுண்துளைகள் இருப்பதால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

சிவாலிக் மலையில் இப்படி ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஹியூ ஃபால்கனர் மருத்துவர், சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர். ப்ரோபி காட்லி கால்வாய்ப் பொறியாளர். இருவரும் தங்கள் வேலைக்கு நடுவில் 1830-களில் யானை, நீர்யானை, ஒட்டகம், குரங்கு என்று எலும்புகளைக் குவித்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த, விரிந்த கொம்புள்ள ஒரு பெரிய விலங்குக்குச் சிவனின் பெயரால் சிவதீரியம் என்று 1836-இல் பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே லண்டன் நிலவியல் கழகம் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது.

எறும்புப் புற்றில் புதைபடிவம் கிடைக்குமாமே, நிஜமா?

நிஜம்தான். ஜான் பெல் ஹாட்சர் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் வயோமிங்கில் டைனோசர் காலத்துப் பாலூட்டிப் பற்களைத் தேடியபோது, எறும்புகள் தங்கள் புற்றைச் சுற்றிச் சிறு கற்களை அடுக்குவதையும், அந்தக் கற்களோடு பற்களும் இருப்பதையும் கவனித்தார். சில புற்றுகளில் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அதோடு விடவில்லை. எறும்பு இல்லாத இடங்களுக்கு மண்ணோடு எறும்புகளையும் வாரிக்கொண்டு போய் விட்டார், அடுத்த முறை வரும்போது அவை பொறுக்கி வைத்திருக்கட்டும் என்று. 1896-இல் இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்த சேகரிப்பாளர் யார் என்று கேட்டால் ஹாட்சரைத்தான் சொல்வேன்.

இப்போது எறும்பு செய்த வேலையைச் சல்லடை செய்கிறது. மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, காய வைத்து, தண்ணீரில் ஊற வைத்து, மெல்லிய கம்பிவலையில் அலசுவார்கள். அமெரிக்காவில் கிளாட் ஹிப்பர்ட் இந்த முறையைப் பெரிய அளவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அலசி மிஞ்சிய கசடு காய்ந்ததும் எங்கள் மேசைக்கு வரும். ஒரு தேக்கரண்டிக் கசடைத் தட்டில் பரப்பி, நனைத்த மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். மூன்று நாள் ஒன்றும் வராது. நாலாவது நாள் கருப்பாக, பளபளவென்று ஒன்று உருளும். அப்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட வேண்டும், ஊதினால் போய்விடும்.

எலும்பு தெரிந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?

வேண்டாம். பல கோடி ஆண்டு மண்ணின் அழுத்தத்தில் இருந்த எலும்பில் ஏற்கெனவே ஆயிரம் விரிசல் இருக்கும். சுற்றியிருக்கும் மண்தான் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் எலும்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, மண்ணோடு சேர்த்து ஒரு திட்டு மாதிரி நிறுத்துவார்கள். மேலே ஈரக் காகிதம். அதற்கு மேல் பிளாஸ்டரில் நனைத்த கோணித்துணி. கை முறிந்தால் போடுகிற அதே மாவுக்கட்டுதான். காய்ந்ததும் அடியில் அறுத்துத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கமும் கட்டுப் போட வேண்டும். அந்தத் திருப்பிப் போடும் நொடியில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இதைவிட முக்கியம், எடுப்பதற்கு முன் எழுதுவது. எந்த இடம், எந்த அடுக்கு, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, கூட என்ன இருந்தது, யார் எடுத்தது, என்றைக்கு. ஒருமுறை எங்களுக்கு ஒரு பழைய மரப்பெட்டி வந்தது. உள்ளே அருமையான கீழ்த்தாடை, ஒரு பல்கூடக் குறையவில்லை. கூட இருந்த சீட்டைப் பூச்சி தின்றுவிட்டது. எந்த மலை, எந்தக் காலம் என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை. இன்றைக்கு அந்தத் தாடை புது மாணவர்களுக்குப் பல் காட்டத்தான் உதவுகிறது. பக்கத்துத் தட்டில் பாதி உடைந்த ஒரு பல், சீட்டோடு இருக்கிறது. அதை வைத்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிறகு என்ன செய்வீர்கள்?

கட்டைப் பிரித்து, மண்ணை அகற்றி, எலும்பை வெளியே கொண்டுவருவோம். கேட்க எளிது. ஒரு மண்டையோட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். காற்றழுத்தத்தில் துடிக்கும் சிறு உளி, ஊசி, பசை, மிகுந்த பொறுமை. ஆஸ்திரேலியாவின் ரிவர்ஸ்லீ சுண்ணாம்புப் பாறையில் உளியே வேண்டாம். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசலில் போட்டால் பாறை கரைந்து எலும்பு மிஞ்சும். ஜெர்மனியின் மெசல் குழியில் நேர்மாறான பிரச்சினை. அங்குள்ள எண்ணெய்ப் பாறை காய்ந்தால் வெடித்துவிடும், எலும்பும் கூடவே போய்விடும். அதனால் ஈரமாகவே வைத்து, ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து, பிசினை ஊற்றி இறுக வைத்து, திருப்பி, மறுபக்கப் பாறையை நீக்குவார்கள். அந்தக் குழியைக் குப்பைமேடாக்க ஒரு திட்டம் இருந்தது. நல்லவேளையாக நடக்கவில்லை. 1995-இல் அது உலகப் பாரம்பரியக் களமானது.

சில சமயம் கைத்தவறுதான் கதவைத் திறக்கிறது. இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் சேகரித்து இண்டோஹையஸ் என்று 1971-இல் பெயரிட்ட பூனை அளவு விலங்கு ஒன்று உண்டு. அவர் எடுத்து வைத்த பாறைகள் பல உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிஸ்ஸன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். சுத்தம் செய்தபோது ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதி தவறிப்போய் உடைந்தது. உள்ளே பார்த்தால் காதெலும்பின் ஒரு சுவர் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு அதுவரை திமிங்கலங்களுக்கு மட்டுமே உரியதாகத் தெரிந்திருந்தது. தண்ணீரில் இறங்கி நடந்த அந்தக் குட்டிக் குளம்பு விலங்கு, திமிங்கலத்தின் நெருங்கிய உறவு என்று 2007-இல் அறிவித்தார்கள். ரங்கா ராவ் பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஒரே ஒரு எலும்பை வைத்து முழு மிருகத்தையும் சொல்லிவிடுவார்களாமே?

சரியான எலும்பாக இருந்தால், ஓரளவு. இந்தப் பேச்சுக்கு மூலம் பிரான்ஸின் ஜார்ஜ் குவியே. பாரிஸின் மொமார்த் ஜிப்சக் குவாரியில் கிடைத்த சிறு எலும்புக்கூட்டின் பற்களையும் தாடையையும் பார்த்து, இது அமெரிக்காவின் ஒப்போசம் என்ற விலங்கு மாதிரி, குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் பைப்பாலூட்டி என்றார். அப்படியென்றால் பாறைக்குள் மறைந்திருக்கும் இடுப்பின் முன்னால், பைப்பாலூட்டிகளுக்கு இருக்கும் இரண்டு மெல்லிய எலும்புகள் இருக்க வேண்டும். சாட்சிகளை வைத்துக்கொண்டு ஊசியால் கல்லைச் சுரண்டினார். இரண்டும் இருந்தன. 1804-இல் அதை வெளியிட்டார்.

அதே நம்பிக்கை காலை வாரியதும் உண்டு. 1922-இல் நெப்ராஸ்காவிலிருந்து வந்த தேய்ந்த ஒற்றைப் பல்லைப் பார்த்து, ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் மனிதனையொத்த குரங்கு என்று ஹெஸ்பெரோபித்தேகஸ் எனப் பெயரிட்டார். அதே இடத்தில் மேலும் தேடியதில், அது பெக்கரி என்ற பன்றி போன்ற விலங்கின் பல் என்று தெரிந்தது. 1927-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நல்ல எனாமலும் நல்ல கண்ணும் இருந்தும், தேய்மானம் ஏமாற்றிவிட்டது.

வயதை எப்படிச் சொல்கிறீர்கள்? கார்பன் சோதனைதானே?

கார்பன் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. மம்மூத் என்ற ரோம யானைக்குச் சரி, சிவதீரியத்துக்கு வேலை செய்யாது. பழையவற்றுக்குப் பெரும்பாலும் எலும்பை நேரடியாக அளப்பதில்லை. மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளை அளந்து, நடுவில் இருப்பதன் வயதைக் கணிக்கிறார்கள். சாம்பல் இல்லையென்றால் பாறையில் பதிந்த பூமியின் காந்தத் திசை மாற்றங்களைப் பார்ப்பார்கள். சிவாலிக் அடுக்குகளுக்கு இது நன்றாகவே உதவியது. எல்லாமே எலும்பு எந்த அடுக்கில் இருந்தது என்பதைப் பொறுத்தது. சீட்டைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னது இதனால்தான்.

இந்த எலும்புகளில் இருக்கும் பல்தடத்தை வைத்து யார் கடித்தது என்றுகூடச் சொல்ல முடியுமா?

முடியும், இருநூறு வருடங்களாகச் செய்கிறார்கள். 1821-இல் இங்கிலாந்தின் கிர்க்டேல் குகையில் யானை, காண்டாமிருகம், நீர்யானை எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது என்று பலர் சொன்னார்கள். வில்லியம் பக்லண்ட் அது கழுதைப்புலிகளின் பொந்து என்றார். நிரூபிக்க, உயிருள்ள கழுதைப்புலிக்கு மாட்டெலும்பைப் போட்டு, அது எதைக் கடித்து நொறுக்கியது, எதை விட்டுவைத்தது, என்ன தடம் விட்டது என்று குகை எலும்புகளோடு ஒப்பிட்டார். அப்படியே பொருந்தியது. குகையில் இருந்த வெள்ளை உருண்டைகள் கழுதைப்புலியின் சாணம் என்பதும் தெரிந்தது. இன்றைக்கும் கடித்தடத்தைப் படிக்க வழி இதுதான்.

இதெல்லாம் வசதியான வெள்ளைக்கார ஆண்களின் பொழுதுபோக்கு இல்லையா?

பழைய புத்தகங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். டொரொதியா பேட்டைப் பாருங்கள். 1898-இல், 19 வயதில், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து வேலை கேட்டார். கிடைத்தது செய்த உருப்படிக்குக் கூலி. 1901-இல் சைப்ரஸுக்குப் போய்க் குகை குகையாக ஏறி, குள்ள நீர்யானையையும் குள்ள யானையையும் கண்டுபிடித்தார். 1909-இல் மயோர்கா தீவில், முன்னோக்கிய கண்களும் எலியைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களும் கொண்ட மயோட்ராகஸ் என்ற விசித்திர ஆட்டை. அவ்வளவும் செய்தவருக்கு முறையான பதவி கிடைக்க வாழ்நாளில் பெரும்பகுதி ஆயிற்று.

போலந்தின் சோஃபியா கீலான்-யாவரோவ்ஸ்கா, ஜெர்மானியர் பிடியில் வார்சா இருந்தபோது ரகசிய வகுப்புகளில் விலங்கியல் படித்தவர். 1963 முதல் 1971 வரை கோபி பாலைவனத்துக்குப் போன போலந்து-மங்கோலியப் பயணங்களை அவர்தான் நடத்தினார். டைனோசர் காலத்துப் பாலூட்டிகளைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பங்கு அங்கே கிடைத்த சிறு மண்டையோடுகளிலிருந்து வந்தது. டில்லி எடிங்கருக்குக் காது சரியாகக் கேட்காது. மண்டையோட்டின் உள்ளே மூளை விட்டுப்போன வடிவத்தைப் படிக்கும் துறையையே உருவாக்கினார். யூதர் என்பதால் 1939-இல் ஜெர்மனியை விட்டுத் தப்பி, பிறகு ஹார்வர்டில் குதிரை மூளையின் வரலாற்றை எழுதினார்.

கென்யாவின் கமோயா கிமேயு 1960-இல் தோண்டும் கூலியாளாகச் சேர்ந்தவர். சரிவில் நடந்தபடியே கல்லுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் காண்பதில் அவருக்கு இணையில்லை. 1984-இல் துர்கானா ஏரிப் பகுதியில், கூழாங்கற்களுக்கு நடுவில், கூழாங்கல் நிறத்திலேயே கிடந்த ஒரு மண்டையோட்டுச் சில்லை எடுத்தார். அதிலிருந்து கிடைத்தது 15 லட்சம் ஆண்டு பழைய சிறுவனின் ஏறக்குறைய முழு எலும்புக்கூடு. கமோயாபித்தேகஸ் என்ற தொல்குரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

யார் பணம் கொடுக்கிறார்கள்?

பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், அரசு ஆய்வு நிதி. முன்பு வேறு வழிகளும் இருந்தன. அர்ஜென்டினாவில் ஃப்ளோரென்டினோ அமேகினோ புத்தகக் கடை நடத்தினார். கடையின் பெயர்கூட எல் கிளிப்டோடான், அழிந்துபோன ஓர் ஓட்டு விலங்கின் பெயர். தம்பி கார்லோஸ் 1887 முதல் படகோனியாவில் வருடக்கணக்கில் தனியாக அலைந்து எலும்பு அனுப்பினார், அண்ணன் கடையில் உட்கார்ந்து எழுதினார். கலிஃபோர்னியாவில் ஆனி அலெக்சாண்டர் தன் குடும்பத்துச் சர்க்கரை ஆலைச் சொத்தைச் செலவழித்து, 1921-இல் பெர்க்லியில் தொல்லுயிரியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தானும் கூடாரம் போட்டுத் தோண்டினார்.

மனத்துக்கு மிகவும் நிறைவு தருவது போர்ச்சுகலின் கிமரோட்டா. மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம். 1973 முதல் 1982 வரை அதைத் திரும்பத் திறந்து, சுரங்கத் தொழிலாளர்களை வைத்து, புதைபடிவத்துக்காக மட்டுமே நடத்தினார்கள். வெட்டி எடுத்த நிலக்கரியைப் பிளந்து பிளந்து பார்த்ததில் ஜுராசிக் காலப் பாலூட்டியின் எலும்புக்கூடே ஒன்று கிடைத்தது.

ஆபத்தான வேலையா?

பெரும்பாலும் வெயில், தாகம், முதுகுவலி. ஆனால் தூர இடத்தில் சின்ன விஷயமும் பெரிதாகும். ஹாட்சர் படகோனியாவையெல்லாம் கடந்து வந்து, 1904-இல் 42 வயதில் டைபாய்டில் இறந்தார். அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கெய்லார்ட் சிம்ப்சன் 1956-இல் அமேசான் காட்டில் இருந்தபோது மரம் விழுந்து கால் நொறுங்கி, மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே பல நாள் ஆனது. தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேனே?

குதிரை வரிசையைச் சேர்த்த அதே மார்ஷும், எட்வர்ட் டிரிங்கர் கோப் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளரும். 1872-இல் வயோமிங்கின் பிரிட்ஜர் படுகையில் கொம்பு முளைத்த பெரிய விலங்குகள் கிடைக்க, ஜோசஃப் லைடி, மார்ஷ், கோப் மூவரும் ஒரே வகை விலங்குக்கு முந்திக்கொண்டு பெயர் வைத்தார்கள். கோப் அவசரத்தில் பெயரைத் தந்தியில் அனுப்ப, அந்தப் பெயரே எழுத்து மாறி அச்சானது. பிறகு வந்தவர்கள் அந்தப் பெயர்க் குவியலைப் பிரித்தெடுக்கப் பல காலம் உழைக்க வேண்டியிருந்தது. நிதானமாக வேலை செய்த லைடி இந்தப் போட்டியே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டார். இழப்பு எல்லோருக்கும்தான்.

கிடைக்கிறவர்களிடம் காசு கொடுத்து வாங்கினால் என்ன தப்பு? அவர்களுக்கும் லாபம்தானே?

கூலி கொடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. சில்லுக்கு இவ்வளவு என்று விலை வைப்பதுதான் சிக்கல். ஜாவாவில் ரால்ஃப் ஃபான் கோனிக்ஸ்வால்ட் மண்டையோட்டுத் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் பெரிய துண்டுகளை அவர் பார்க்காதபோது உடைத்துச் சின்னத் துண்டுகளாகக் கொண்டுவந்தார்கள். அவரே வருத்தத்தோடு சொன்ன கதை இது. அவர்கள்மேல் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை, கணக்கை அப்படி வைத்தது அவர்தான்.

சந்தையில் இன்னொரு கெடுதலும் நடக்கும். மெசல் குழியில் 1983-இல் தனியார் சேகரிப்பாளர் எடுத்த "ஐடா" என்ற தொல்குரங்கு இரண்டு பலகைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பலகையில் இல்லாத பாகங்களைச் செய்து ஒட்டி விற்றிருந்தார்கள். நல்ல பாதி 2007-இல் ஆஸ்லோ அருங்காட்சியகத்துக்கு வந்து, 2009-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை யாரும் படிக்க முடியாமல் கிடந்தது.

அப்படியென்றால் போலிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பெரிய உதாரணம் இங்கிலாந்தின் பில்ட்டவுன். 1912-இல் சார்லஸ் டாசன் கொண்டுவந்த மண்டையோடும் தாடையும் மனித மூதாதை என்று கொண்டாடப்பட்டன. மண்ணில் இருக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளோரினை மெல்ல உறிஞ்சும். சேர்ந்து புதைந்தவை சேர்ந்து உறிஞ்சியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கணக்கு உதைத்தது. 1953-இல் உண்மை வெளியானது: மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, பற்களை அரத்தால் தேய்த்து, சாயம் பூசியிருந்தார்கள். அரத்தின் கீறல்கள் அங்கேயே இருந்தன. 40 வருடம் யாரும் நிறுத்தி நிதானமாகப் பார்க்கவில்லை.

மோசடி வேண்டாம், நேர்மையாகவே தப்பாகச் சொல்லிவிட்டால்?

அது அடிக்கடி நடக்கும். 1932-இல் இமாச்சலின் ஹரிதல்யாங்கரில் எட்வர்ட் லூயிஸ் எடுத்த தாடைத்துண்டு ராமாபித்தேகஸ் ஆயிற்று. 1960-களில் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும் அதை மனித வம்சத்தில் வைத்தார்கள், பாடப்புத்தகங்களிலும் ஏறியது. பிறகு பில்பீம் குழுவுக்கே பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் நெருங்கிய உறவான சிவாபித்தேகஸின் முகம் கிடைத்தது. பார்த்தால் ஒராங்குட்டான் சாயல். 1982-இல் அவரே அதை வெளியிட்டுத் தன் பழைய கருத்தைக் கைவிட்டார். என்னைப் பொறுத்தவரை அவர் செய்த மிகப் பெரிய வேலை அதுதான்.

எலும்பு தொலைந்துபோனால் எல்லாம் போச்சா?

சீனாவின் சௌகௌதியனில் கிடைத்த, பீக்கிங் மனிதன் என்று அழைக்கப்படும் தொல்மனிதனின் எலும்புகள் 1941 டிசம்பரில், போர்க் குழப்பத்தில், அனுப்பும் வழியில் மறைந்தன. இன்றுவரை கிடைக்கவில்லை. ஃப்ரான்ஸ் வைடன்ரைக் முன்பே அச்சு வார்ப்புகளும் விரிவான படங்களும் விளக்கங்களும் செய்து வைத்திருந்ததால் அறிவு பிழைத்தது. இப்போது சிடி ஸ்கேன் எடுத்து வைக்கிறோம். வார்ப்பில் பதியாத ரசாயனமும் உட்திசுவும் மட்டும் போனது போனதுதான்.

எனக்கே ஒரு எலும்பு கிடைத்தால் என்ன செய்வது? வைத்துக்கொள்ளலாமா?

முதலில் தொடாதீர்கள். அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று சுற்றுப்புறமும் தெரிய இன்னொரு படம். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ, பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ தெரிவியுங்கள். வெள்ளமோ புல்டோசரோ வரப்போகிறது என்றால் மட்டும் எடுக்கலாம். அப்போதும் மாவுக்கட்டுப் பதிலில் சொன்னபடி எழுதி வைத்துவிட்டு.

வைத்துக்கொள்வது நாட்டைப் பொறுத்தது. பிரேசிலில் 1942 முதலே புதைபடிவம் அரசின் சொத்து, அர்ஜென்டினாவில் 2003 சட்டப்படியும் பொதுச் சொத்து. அமெரிக்காவில் கூட்டரசு நிலத்தில் முதுகெலும்பிகளின் புதைபடிவத்தை எடுக்க அனுமதி வேண்டும் என்று 2009 சட்டம் சொல்கிறது, தனியார் நிலத்தில் நில உரிமையாளருடையது. நீங்கள் நிற்கும் இடத்தின் சட்டத்தை விசாரித்துவிட்டுக் கை வையுங்கள்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

நிலவியல் அல்லது விலங்கியல். எதைப் படித்தாலும் மற்றதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மேசை வேலைக்குப் பட்டத்தைவிடக் கை நிதானம் முக்கியம். வீட்டில் கோழி எலும்பை வேகவைத்துச் சுத்தம் செய்து, திரும்ப வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அது பிடித்திருந்தால் இதுவும் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று: கண்டுபிடித்த சாதாரண ஆளின் பெயர் எங்கேயாவது நிற்குமா, இல்லை பேராசிரியர் பெயர் மட்டும்தானா?

நெடுங்காலம் பேராசிரியர் பெயர் மட்டும்தான் நின்றது. கிர்க்டேல் குகையைத் திறந்த குவாரித் தொழிலாளிகளின் பெயரைப் பக்லண்டின் பெயரளவுக்கு யாரும் சொல்வதில்லை. இப்போது கொஞ்சம் மாறுகிறது. நல்ல ஆய்வுக்கூடங்கள் எடுத்தவர், சுத்தம் செய்தவர் பெயர்களைப் பதிவேட்டிலும் கட்டுரையிலும் சேர்க்கின்றன.

2007-இல் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் யூரி ஹூதி என்ற நேநெத்ஸ் இனக் கலைமான் மேய்ப்பர், ஆற்றங்கரையில் ஒரு மம்மூத் குட்டியைக் கண்டார். பிறந்து ஒரு மாதமே ஆன குட்டி, சுமார் 42,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்தது. அவர் விவரம் தெரிந்தவர்களைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள், வேறு யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். தேடிப் பிடித்து மீட்டபோது நாய்கள் வாலையும் காதில் ஒரு பகுதியையும் கடித்திருந்தன. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, வயிற்றில் தாய்ப்பால் உட்பட. அந்தக் குட்டிக்கு லூபா என்று பெயர் வைத்தார்கள். அது யூரி ஹூதியின் மனைவி பெயர்.